மரத்தில் என் இடம்

எங்கள் குப்பத்தில் கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்கே போறே?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். பின்னாலிருந்து கூப்பிடவும் மாட்டார்கள். கேட்டுவிட்டால் போச்சு. கடலுக்குப் போகிறவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி எழுந்திருப்பான். மாமல்லபுரத்துக்கு வடக்கே மணலை ஒட்டிக் கிடந்த அந்தக் குப்பத்தில் இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பேச வந்தபோதே இதுவும் வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் பி.யூ.சி. சேர்ந்தேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பஸ் ஏற்றிவிட வந்த நைனா, அதாவது என் அப்பா, டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒரு வருசம் இருந்து பாரு. ஒட்டலன்னா வந்துடு. மரத்துல உன் எடம் அப்டியே கீது.”

மரம் என்றால் எங்கள் கட்டுமரம். அதில் நைனாவுக்குப் பின்னால், லீவு நாட்களில் நான் மண்டிபோட்டுத் துடுப்பு வலித்த இடம் ஒன்று உண்டு. அதை நினைத்துக்கொண்டுதான் அந்த வருஷத்தை ஓட்டினேன்.

ஓட்டினேன் என்று சொல்வதே அதிகம். பாடமெல்லாம் இங்கிலீஷ். வாத்தியாரின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன் பெஞ்சுக்காரர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். ஹாஸ்டல் சோற்றில் மீன் வாசமே கிடையாது. சாயங்காலத்தில் கொளவாய் ஏரிக்கரையில் போய் உட்காருவேன். அவ்வளவு தண்ணீர், ஆனால் ஒரு அலை இல்லை. பார்க்கப் பார்க்க அழுகைதான் வரும்.

என் அறையில் இருந்தவன் அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. நல்லவன், அதுதான் தொல்லை. தினமும் காலையில் நான் புத்தகத்தைக் கையில் எடுத்த உடனே அன்பொழுகக் கேட்பான்: “எங்க மச்சான், கெளம்பிட்டியா?”

வகுப்புக்குப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! புத்தகத்தை வைத்துவிட்டுப் பெட்டிமேல் உட்காருவேன். பானையில் மொண்டு தண்ணீர் குடிப்பேன். மறுபடி கிளம்பினால் கேட்டில் வாட்ச்மேன் நிற்பார். “இன்னா தம்பி, எங்க?” திரும்பவும் அறைக்கு, திரும்பவும் தண்ணீர். முதல் வகுப்பு இங்கிலீஷ். மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார் அந்த வாத்தியார். நான் வராந்தாவில் நிற்பேன்.

ஒருநாள் அவர் என்னை எல்லோர் எதிரிலும் எழுப்பிவிட்டார். “இப்படியே போனா அட்டெண்டன்ஸ் பத்தாது, பரீட்சை எழுத முடியாது. அப்படி என்னப்பா வேலை உனக்குக் காலையில?” பொய் சொல்லத் தெரியாமல் உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். வகுப்பே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் ‘தண்ணி பார்ட்டி’. என் மானம் கப்பலேறியது.

மறுநாள் வாட்ச்மேன் கேட்டபோது திரும்பவில்லை. நேரே நடந்தேன். அன்று முழுக்க நைனாவுக்குக் கடலில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. அப்புறம் பழகிவிட்டது. அந்த ஊரில் எதிரே வருகிறவனிடம் பேச்சை ஆரம்பிப்பதே அந்தக் கேள்வியில்தான். பொங்கல் வாக்கில், அறைக்காரன் சட்டை மாட்டும்போது நானே கேட்டுக்கொண்டிருந்தேன்: “எங்க மச்சான், கெளம்பிட்டியா?” கேட்கிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மற்றது எதுவும் ஒட்டவில்லை. பரீட்சையை எழுதி முடித்தபோது முடிவு செய்துவிட்டேன். போதும்டா சாமி, இந்தப் பேஜாரு இனி வேண்டாம். வீட்டுக்குப் போகிறேன், மறுநாளே நைனாவோடு மரத்தில் ஏறுகிறேன். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முகத்தில் பட்ட உப்புக்காற்றில், அந்த வருஷத்தில் முதல்முறையாக, சந்தோஷமாக இருந்தேன்.

அன்று இரவு அலைச் சத்தத்தில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். விழித்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நைனா துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். ‘நானும் வரேன்’ என்று சொல்லத்தான் எழுந்தேன். தூக்கக் கலக்கத்தில் வாயிலிருந்து வந்தது வேறு.

“எங்க நைனா, கெளம்பிட்டியா?”

அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். “அடப்பாவி, இன்னாடா கேட்டுட்ட!”

நைனா திட்டவில்லை. துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை மெதுவாகக் குடித்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

“ஒட்டிக்கிச்சு போல கீது,” என்றார்.

“இல்ல நைனா, நான் மரத்துக்கு…”

“உன் சித்தப்பன் ரொம்ப நாளா கேட்டுகினு கீறான். அவன ஏத்திக்கறேன். நீ படி.”

செம்பை வைத்துவிட்டு எழுந்து துடுப்பை எடுத்துக்கொண்டார். நான் வாசலுக்கு வந்தேன். மணலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு சத்தம் போட்டால் கேட்கும் தூரம்தான். வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது.