மெஹரு அக்காவுக்காக வளர்ந்த அணுக்கள்

அன்று காலையில் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தேன். மெஹரு அக்காவுக்காக வளர்த்த அணுக்கள் ஒருவழியாக வேண்டிய அளவுக்குப் பெருகியிருந்தன. மறுநாளே ஏற்றிவிடலாம் என்று வார்டுக்குச் சொல்லத்தான் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் என்னைப் பேசவிடவில்லை. "அக்கா போயிட்டாங்க சார்" என்றார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவர் பார்த்துக்கொண்ட நோயாளிகள். எங்கள் ஸ்டெம் செல் வார்டில் நர்ஸாக இருந்த அவருக்கே ரத்தப் புற்றுநோய் வந்தது. தம்பி ஜமீலின் ஸ்டெம் செல்லை ஏற்றிக்கொண்டு, தேறி, அதே வார்டுக்கு வேலைக்குத் திரும்பினார். அழும் நோயாளியிடம் போய், "என்னப் பாருங்க, நின்னு பேசினு இருக்கேன்ல?" என்பார். அழுகை நின்றுவிடும்.

பிறகு நோய் திரும்பியது. கெட்டுப்போன அணுக்களைத் தேடிக் கொல்லும் என்கே செல்கள் எல்லார் ரத்தத்திலும் உண்டு. தம்பியின் ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி அக்காவுக்கு ஏற்றுவது என்று முடிவானது. ஜமீலுக்குப் பெரிய மார்க்கெட்டில் கறிக்கடை. ஊசியைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாள் பூரா ஆட்ட வெட்டுறான், ஊசிக்கு நடுங்குறான் பாருங்க" என்று அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முதல் முறை எடுத்த செல்கள் வளரவேயில்லை. சிலருடையது அப்படித்தான், ஏன் என்று எங்களுக்கே தெரியாது. ஜமீல் துடித்துப்போனார். "எங்கிட்ட ஏதாவது கோளாறா சார்? எவ்ளோ வேணா எடுங்க." இரண்டாம் முறை எடுத்தவை வளர ஆரம்பித்தன. சொல்ல ஓடினேன். அக்கா தன் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"உங்ககிட்ட வளருது. எங்கிட்டயும் அது வளருது. எது முந்துதுனு பாப்போம்."

கதவைச் சாத்தச் சொன்னார். "பயமா இருக்கு சார். வெளிய சொல்ல முடில. நானே பயந்தா இங்க இருக்கறவங்கல்லாம் என்ன ஆவாங்க?" என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து, கடைசிவரை கலங்காதவர் என்றீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கலங்கினார் ஐயா! கலங்கிக்கொண்டேதான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அடக்கம் முடிந்தபின் ஜமீல் ஆய்வகத்துக்கு வந்தார். அந்த அணுக்களைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"உயிரோட இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்ப வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அக்காவுக்கென்று வளர்த்ததை இன்னொருவருக்கு ஏற்ற முடியாது, அழித்தாக வேண்டும் என்றேன்.

"நான் போனப்பறம் பண்ணுங்க."

அவர் போனதும் அழித்தேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்ன அந்தப் பயம். இப்போது வேறொருவருக்காக செல்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நான் விரட்டினால் அவை சீக்கிரம் வளரப்போவதில்லை. ஆனாலும் விடிந்ததும் ஓடிவந்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.