மூன்று மணிக்கு அணையும் லேப்டாப்

அந்த லேப்டாப்புக்கு அவள் செய்யாத வைத்தியம் இல்லை. காலை முழுக்கச் சமர்த்தாக ஓடும். மதியம் மூன்று மணி தாண்டினால் போதும், அவள் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பதற்குள் திரை கறுத்துப் போயிருக்கும்.

அவளுக்குத் தொழில் காதும் விரலும். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு, வார்த்தை தப்பாமல் தட்டி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷ அனுபவம். எந்த டாக்டர் மென்று விழுங்குவார், எவர் இருமலுக்கு நடுவே மருந்தின் அளவைச் சொல்லித் தொலைப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் போன வருஷம் வண்டியோடு பள்ளத்தில் இறங்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்க் கட்டிலோடு ஆனதும், அவள் அலுவலக வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கட்டிலுக்கு எதிரே மேஜை, மேஜை மேல் லேப்டாப்.

ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். அலாரம் அடிக்கும், எழுவாள், புரட்டுவாள், விழுவாள், மறுபடி அலாரம். ஒரு வருஷமாக இதே பிழைப்பு. பட்ட காலிலேயே படும் என்பார்களே, இந்த லட்சணத்தில்தான் லேப்டாப்பும் படுத்த ஆரம்பித்தது.

அலுவலகம் கொடுத்திருந்த மென்பொருளில், அனுப்பி முடிக்கிறவரை அடித்தது எதுவும் சேமிப்பாகாது. நடுவில் அணைந்தால் ஃபைல் போச்சு. ஒன்பதாவது தரமாக அப்படிப் போன அன்று மேலாளர் அம்மா போன் செய்தாள். "இன்னும் ஒரு ஃபைல் பாதியில நின்னா உங்களுக்கு வேலை அனுப்ப வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. என் கையில எதுவும் இல்லம்மா." அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அதுதான்.

பிளக்கை மாற்றிப் பார்த்தாள். சார்ஜரை மாற்றினாள். நாத்தனார் வந்து, "சூடுதான் அண்ணி, அடியில நாலு புத்தகத்தை வச்சு ஃபேனைத் திருப்பி விடுங்க" என்றாள். கணவருக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் லேப்டாப்புக்குப் போயிற்று. "எனக்கு எதுக்குக் காத்து? நான் என்ன சூடாகி அணைஞ்சா போகப்போறேன்?" என்று கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருந்த மெக்கானிக், பிரித்துத் தூசியை ஊதி, உள்ளே சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து கிடந்ததைச் சுரண்டிப் புதுசு தடவி, இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டார். ஒரு தரம்கூட அணையவில்லை. "என்னம்மா இது, புது மருமக மாதிரி இவ்வளவு அடக்கமா இருக்கு!" என்று கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்த மறுநாளே அது மூன்றே காலுக்குக் கறுத்தது. நல்லவேளை, அப்போதுதான் ஒரு ஃபைலை அனுப்பியிருந்தாள், அடுத்ததை இன்னும் திறக்கவில்லை. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இந்தத் தடவை மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. லேப்டாப் தனக்கு நடந்ததைத் தானே எழுதி வைக்கிற குறிப்பைத் திறந்து, விரலை வைத்துப் படித்தார்.

"சூட்டுல நின்னா ஒரு மாதிரி எழுதும், கரண்ட் போனா ஒரு மாதிரி எழுதும். இது எல்லாத் தடவையும் யாரோ பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சதுன்னு சொல்லுது."

"யாருண்ணே அழுத்துவா? வீட்ல நானும் அவரும்தான். அவரால எழுந்திரிக்கவே முடியாது."

மெக்கானிக் கீபோர்டின் வலது மூலையைப் பார்த்தார். அணைக்கிற பட்டன் அங்கேதான் இருந்தது. அப்புறம் அவள் கண்ணைப் பார்த்தார். "அந்த நேரத்துல தூங்கிடுவியா தங்கச்சி?"

"தூக்கமா! அந்தக் கொடுப்பினை எனக்கு ஏதுண்ணே?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இல்லம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு பாட்டில் மூடியைப் பட்டனுக்கு மேல் கவிழ்த்து ஒட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் கழுத்து சுளுக்கின மாதிரி வலிக்கக் கண்ணைத் திறந்தாள். திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. "நோயாளியின் வலது" என்ற இடத்துக்குப் பிறகு நாலு பக்கத்துக்கு ஒரே எழுத்து. கடிகாரத்தில் பதினோரு நிமிஷத்தைக் காணவில்லை.

அவமானத்தில் முகம் எரிந்தது. நாலு பக்கத்தையும் அழித்து, மிச்சத்தைப் பேய் பிடித்தவளாகத் தட்டி, கெடு முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கணவர் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?"

அவர் பார்வையை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் தூங்குறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தட்டுற சத்தம் நிக்கும். தலை சாயும். கை அந்த மூலைக்குப் போகும். அப்புறம் அது அணைஞ்சிடும்."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே."

"அடப்பாவி மனுஷா! ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா? வேலை போனா நாம ரெண்டு பேரும் என்ன பண்றது?"

"ராத்திரி பூரா எனக்காக எழுந்திரிக்கிறே. உனக்குன்னு கிடைக்கிறது அந்தப் பத்து நிமிஷம்தான். அதையும் நானே பிடுங்கணுமாடி?"

அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் அடுத்த பதிவில் டாக்டர் சொல்வது காதில் விழாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பிடுங்குங்க. வேற வழியில்ல" என்றாள்.

அடுத்த நாள் மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். "ஏய்... ஏய், எழுந்திரு" என்று அவர் கூப்பிட்டார். எங்கேயோ ஆழத்திலிருந்து அவளைத் தரதரவென்று இழுத்து வந்த மாதிரி இருந்தது. இந்த மனுஷனுக்குக் காலோடு சேர்த்துக் குரலும் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. விட்ட இடத்திலிருந்து தட்டினாள்.

"முழிச்சிட்டியா?"

"ம்."

"மனசுக்குள்ள திட்டணும்னா திட்டிக்கோ."

"திட்டிட்டேன்" என்றாள் அவள், திரும்பாமலே.