கருடனுக்கு வாங்கிய மீன்

பூங்காவனத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தப் புரட்டாசியைத்தான் சொல்ல வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவள் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். என் வாய் சும்மா இருக்காது என்பது லயமறிந்த விஷயம். அவளோ கேட்டால்தான் பேசுவாள். எங்களுக்குள் எப்படித்தான் ஒத்துப்போனதோ!

அவள் புருஷன் தம்புசாமி ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவன். அந்த வருஷம் குளிர்காய்ச்சல் அவனைப் பாயில் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து கொயினா மருந்து கொடுத்தார். காய்ச்சல் மெல்லத் தணிந்தது, ஆனால் சோறு இறங்கவில்லை. “மருந்து பாதிதாம்மா. வாயத் தொறந்து சாப்பிட்டாத்தான் ஆள் பொழைப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பூங்காவனம் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். அவன் பிழைக்கட்டும், இந்தப் புரட்டாசி முழுக்க வீட்டுக்குள் கவிச்சி நுழையாது என்று.

மத்தியானம் ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வரும். மழையும் எஞ்சின் புகையும் கலந்து லயமே எங்கோ மிதப்பதுபோல இருக்கும். தம்புசாமி கண்ணைத் திறந்தபடியே கனவு கண்டு முணுமுணுப்பான். எஞ்சின் தண்டவாளத்தை விட்டு எழும்பி, கிள்ளான் ஆற்றுக்கு மேலே, சத்தமே இல்லாமல் கடலைப் பார்த்துப் போகிறதாம். அரிசி புடைத்துக்கொண்டே நானும் கூடப் போய்வருவேன். முறத்தில் அரிசி தீர்ந்திருப்பது பிறகுதான் தெரியும்.

அப்படி ஒரு மழை ஓய்ந்த சாயங்காலம் அவள் அடுப்படியில் ஒரு பருந்து கிடந்தது. வெள்ளைத் தலை, செம்மண் நிற இறக்கை. கருடன். விறகோடு விறகாக ஒண்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது.

லயமே திரண்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. பஜனைக்கு முன்னால் நிற்கிற இராஜம்மா அதைக் கோழிக்கூடையால் மூடி, கூடைக்கு நாமமும் போட்டுவிட்டாள்.

“பெருமாள் வாகனத்தையே அனுப்பியிருக்காரு. இது பொழைச்சா உன் புருஷனும் பொழைப்பான். பாலும் பழமும் குடு. கவிச்சிய மட்டும் கிட்ட கொண்டு போயிடாத.”

எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது? பருந்துக்குக் கோழிக்குஞ்சைப் பறிகொடுக்காத வீடு அந்த லயத்தில் கிடையாது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அதைத் துரத்தியவர்கள்தான் எல்லாரும். கூடைக்குள் வந்ததும் அது சைவமாகிவிட்டது.

பழத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூங்காவனம் பஞ்சில் நனைத்துப் பாலை ஊற்றினாள். அலகோரமாக வழிந்தது. நாளுக்கு நாள் அதன் கழுத்து தொங்கிப்போயிற்று. அவள் கூடையை ஒருதரம் பார்ப்பாள், பாயை ஒருதரம் பார்ப்பாள். இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலை தம்புசாமிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

“ஆத்துல மீன் புடிக்கிற சாதி அது. எஞ்சின்லேருந்து தெனம் பாக்குறேன். அதுக்குப் போயி பாலா?”

“விரதங்க.”

“விரதம் நமக்குத்தானே. அதுக்கு என்னா தெரியும்?” என்றவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் என்னிடம் வந்து நின்றாள். மீன் வாங்கினால் அவனுக்காக எடுத்த விரதம் போகும். வாங்காவிட்டால் கருடன் போகும், கூடவே அவனும் போய்விடுவான் என்று பயம்.

“என்னக்கா செய்யறது?”

“என்னையக் கேட்டா? கண்ணு முன்னால ஒரு உசுரு போவுது. மீன் பாசாருக்குப் போடி” என்று எரிந்து விழுந்தேன்.

முந்தானைக்குள் மறைத்துப் பொடிமீன் வாங்கிவந்தாள். பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, “உங்க வாகனத்துக்குத்தான் வாங்கியாந்தேன். குத்தம்னா எம்மேல வைங்க, அவரை விட்டுருங்க” என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறப் பலகையில் வைத்து நறுக்கினாள். முதல் துண்டைப் பறவை வெறுமனே பார்த்தது. இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டது.

வாடை பிடித்துக்கொண்டு இராஜம்மா வந்தாள். “பண்ணிட்டியா? அவனுக்கு எதாச்சும் ஆனா எங்ககிட்ட அழுதுக்கிட்டு வராத.” நான் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பூங்காவனம் மறுநாளும் மீன் வாங்கினாள்.

மெல்ல மெல்லப் பறவைக்குக் கழுத்து நிமிர்ந்தது. ஒருநாள் விடியலில், பனிபோலப் புகை தாழ்ந்திருந்த நேரத்தில், கூடையைத் தூக்கிவிட்டாள். அது வேலியில் ஏறி இறக்கையை விரித்துக் காய்ந்தது. பிறகு எஞ்சின் கொட்டகைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, ஆற்றுப் பக்கம் போய் மறைந்தது. என்ன அழகு! நாங்கள் அண்ணாந்தபடியே நின்றோம்.

பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போயிருச்சேக்கா. அவரு இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலையே.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “பூங்கா, அந்த மீனு மிச்சம் இருக்கா?”

“இருக்குங்க.”

“புளி கொஞ்சம் தூக்கலாப் போட்டு வையேன்.”

புரட்டாசி இன்னும் முடியவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போய் அம்மியைக் கழுவினாள். புளி என் வீட்டிலிருந்து போயிற்று.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிசைந்து பிசைந்து சாப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது, துடைக்கவில்லை. தட்டை வழித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் சோறு போடு” என்றான்.

பானையில் சோறு இல்லை. ரொம்ப நாளாகவே அவள் தனக்கு மட்டும்தான் உலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் என் வீட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.