நாற்பத்தேழாவது ஒலி

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பத்திரண்டு. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கண்ணில் பட்டது நீலப் பூப் போட்ட ஒரு படுக்கை விரிப்பு. அதில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று பின்சீட்டில் குறுக்காகக் கிடந்தது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையைக் கட்டிப் பிடித்தபடி என் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இது? கேம்ப் ரோடு சிக்னல்ல ஒருத்தன் கும்புட்டுட்டுப் போறான்," என்றார் ஆட்டோக்காரர். "பாத்து எறக்கு சார். உள்ள இன்னா கீதுன்னே தெரியாம இட்டாந்துகினு கீறேன்."

மச்சான் சிரிக்கவில்லை. "மாப்ளே, பேட்டரி லோன்னு காட்டுது," என்றார். ஈஸ்டருக்குப் பதினைந்து நாள் இருந்தது.

விரிப்புக்குள் இருந்தது அவருடைய சிந்தசைசர். அதைக் கீபோர்டு என்று சொன்னால் கோபப்படுவார். கீபோர்டில் யாரோ செய்து வைத்த ஒலியை நாம் அமுக்குகிறோம், சிந்தசைசரில் ஒலியையே நாம் செய்கிறோம் என்பது அவர் எல்லோருக்கும் தரும் விளக்கம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய இயந்திரம். நாம் செய்த ஒலிகளில் அறுபத்து நான்கை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் நாணய அளவுப் பேட்டரி ஒன்று. அது செத்தால் அறுபத்து நான்கும் போகும். அறுபத்து மூன்று போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவற்றில் பாதி, தண்ணீர் வராத குழாயைத் திறந்தது போல இருக்கும். மச்சானுக்கு வேண்டியது நாற்பத்தேழாவது.

அவர் அதைச் செய்தபோது நான் அதே வீட்டில் இருந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு வருடம், மேற்குத் தாம்பரத்தில் மாமனார் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான் அப்போது ஒரு நாளிதழில் நிருபர். பிறகு செய்தி மேசைக்குப் போய், மற்றவர்கள் எழுதியதிலிருந்து உரிச்சொற்களை வெட்டியே ஓய்வு பெற்றேன். அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் நாற்பது நாளும் கீழே மச்சான் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டிருந்தார். அதில் வடிகட்டி என்று ஒரு குமிழ் உண்டு. பேசும்போது வாயைக் கையால் மூடித் திறப்பது போல அது ஒலியை மூடித் திறக்கும். இன்னொரு வரிசைக் குமிழ்கள், ஒலி எத்தனை நேரத்தில் எழ வேண்டும், எத்தனை நேரத்தில் அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்துவார், கேட்பார், பழையபடி நகர்த்துவார்.

"அண்ணா, ரிப்பேர்னா கடையில குடு. இல்லன்னா பாட்டு வாசி. ரெண்டும் இல்லாம இது என்ன?" என்று என் மனைவி மாடியிலிருந்து கத்துவாள்.

நாற்பது நாள் கழித்து வந்தது இதுதான்: கட்டையை அமுக்கினால் மூன்று வினாடிக்கு ஒன்றும் கேட்காது. நான்காவதில் கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். பதினோராவது வினாடியில் ஆலயம் நிறைந்திருக்கும். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில், விளக்குகளை அணைத்த பிறகு அதை வாசித்தார். யாரும் சொல்லாமல் சபை எழுந்து நின்றது. அடுத்த வருடமும் நின்றது. சில வருடங்களில் ஆராதனைத் தாளில் "சபையார் எழுந்து நிற்க" என்ற வரியை அச்சடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் சபைக் கமிட்டி புதிய சிந்தசைசர் ஒன்றை வாங்கியது. ஜெபித்து, ரிப்பன் வெட்டி, மேலே இருந்த பாலிதீன் உறையைக் கழற்றாமலே பிரதிஷ்டை செய்தார்கள். உறையைக் கழற்றினால் தூசி படியுமாம். மூவாயிரம் ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயர்கள் ஆங்கிலத்தில் ஓடின, தமிழில் சொன்னால்: கண்ணாடிக் காடு, நிலவின் நரம்பு, தேவதூத மூச்சு. வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவர் யாரோ வைத்திருக்க வேண்டும்.

கடையிலிருந்து வந்த விளக்கக்காரர் டை கட்டியிருந்தார். "ஒரு விரல் போதும் சார். தாளம், பேஸ், கோரஸ் எல்லாம் அதுவே போட்டுக்கும்." கமிட்டிச் செயலர் பாலிதீனுக்கு மேலேயே ஒரு விரலை வைத்தார். நாற்பது பேர் வாசிப்பது போல ஒன்று கிளம்பியது. செயலர் விரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது இத்தனை நாள் தீர்மானங்களில் கையெழுத்துப் போட மட்டுமே உதவிய விரல்.

"உங்க சவுண்டும் இதுல இருக்கும் அண்ணே. தேடிப் பாருங்க," என்றார் செயலர் மச்சானிடம்.

மச்சான் மூன்று வாரம் தேடினார். மூவாயிரத்தையும் அமுக்கினார். எதுவும் காத்திருக்கவில்லை. எல்லாமே கை வைத்தவுடன் கடைக்காரர் போல ஓடி வந்தன. கடைசியில் கமிட்டியோடு சண்டை போட்டு ஒரு சலுகை வாங்கினார்: இந்த ஒரு ஈஸ்டருக்கு மட்டும் பழையது. அதற்குப் பிறகு மேடையில் இடமில்லை. வேண்டுமானால் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுங்கள், பூசணிக்காயோடும் கோழியோடும் ஏலத்தில் போகட்டும் என்றார் செயலர். அந்த ஒரு ஈஸ்டருக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோதுதான் பேட்டரி லோ என்று வந்தது.

தாம்பரத்தில் இரண்டு ரிப்பேர் கடைக்காரர்கள் விரிப்பை விலக்கிப் பார்த்துவிட்டு மூடியிருந்தார்கள். என் மனைவி யூடியூபில் ஓர் ஆளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கூடுவாஞ்சேரியில் ஒரு புதிய லேஅவுட்டில் வீடு. ஐடியில் வேலை. பழைய சிந்தசைசர்களை வாங்கிச் சரிசெய்து, அதை வீடியோ எடுத்துப் போடுகிறவன். அன்று காலையே என் காரில் போனோம். பெருங்களத்தூர் தாண்டும்வரை மச்சான் பின்சீட்டில் இயந்திரத்தின் மேல் ஒரு கையை வைத்திருந்தார்.

அந்த வீட்டில் சிந்தசைசர்களுக்குத் தனி அறை, தனி ஏசி. எண்ணினேன், பதினொன்று. ஒன்றில் கட்டையே இல்லை. சுவர் முழுக்கத் துளைகளும் அவற்றில் செருகிய கலர் வயர்களும்தான்.

"வாசிக்கக் கட்டை இல்லையே தம்பி?" என்றார் மச்சான்.

"அதான் அங்கிள் அழகு."

ஒரு வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். மூடிக்கொண்டிருக்கும் ரயில்வே கேட் போல ஒரு சத்தம் வந்தது. கண்ணை மூடிக் கேட்டான். "அனலாக் வார்ம்த், அங்கிள். ஃபீல் ஆகுதா?" ஏசி பதினெட்டில் இருந்தது. ஒன்றும் ஃபீல் ஆகவில்லை. புதிதில் வருவதெல்லாம் சில்லென்று இருக்கும், பழையதில்தான் சூடு இருக்கும் என்று இருபது நிமிடம் விளக்கினான். சூடு, ஆழம், ஆன்மா. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் மூன்றையும் அடித்திருப்பேன்.

"என்ன பாட்டு வாசிப்பீங்க தம்பி?"

"பாட்டெல்லாம் வாசிக்கத் தெரியாது அங்கிள். ஒன்லி சவுண்ட் டிசைன்."

பதினோரு அடுப்பு வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோறு பொங்காத வீடு அது. ஆனால் மச்சானின் இயந்திரத்தைத் திறந்தபோது அவன் கை சுத்தமாக வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரியைக் காட்டினான். "பேக்அப் இருக்கா அங்கிள்? இல்லன்னா லேப்டாப்ல காப்பி எடுத்துடறேன். ரெண்டே நிமிஷம்."

மச்சான் பெருமையோடு பையைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். பிளாஸ்டிக் பெட்டியின் மேல் அவருடைய கையெழுத்தில் "1 முதல் 64. அழிக்காதே" என்று இருந்தது. அந்தக் கால இயந்திரங்கள் தம் நினைவை ஒரு கிரீச்சிடலாக வெளியே அனுப்பும். அதைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திரும்ப ஓட்டினால் எல்லா ஒலிகளும் மறுபடி ஏறிவிடும்.

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "ஐயோ, கேசட்டா! அங்கிள், ப்ளீஸ், லேப்டாப் வேணாம். ஒரிஜினல் மெத்தட்லயே பண்ணலாம். இத யாருமே வீடியோ போட்டதில்ல." பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய கேசட் பிளேயர் ஒன்றை அலமாரியில் அலங்காரத்துக்கு வைத்திருந்தான். அதைத் துடைத்து எடுத்து வந்தான்.

"கேசட் இருக்கறப்போ லேப்டாப் எதுக்குத் தம்பி?" என்றார் மச்சான்.

இரண்டாவது ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட அச்சுக்கு விடாதவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர் இருந்தது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி கொடுத்த காபி நன்றாக இருந்தது.

மூன்று விளக்குகள் வைத்தான். ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தினான். கேமராவைப் பார்த்து, "நாம இப்ப ஒரு காலத்தோட இதயத்தைக் கழட்டறோம்," என்றான். பற்றவைப்புக் கோலால் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்தான். இயந்திரத்தைப் போட்டதும் அறுபத்து நான்கு இடங்களும் ஒரே இரைச்சலாக இருந்தன. "நோ ப்ராப்ளம்," என்று கேசட்டைச் செருகினான்.

கிரீச்சிட்டது. மச்சான் தலையை ஆட்டினார். பன்னிரண்டு வினாடி ஓடியது. பிறகு ஒரு 'டக்', ஒரு மின்விசிறியின் முனகல், ஓர் இளைஞனின் குரல்.

"சார், இந்தத் தீர்மானத்தோட முக்கியத்துவம் என்னன்னு நினைக்கறீங்க?"

"முக்கியத்துவம் வந்து... ரொம்ப முக்கியம் சார்," என்றது இன்னொரு குரல்.

சிந்தசைசர் திரையில் பிழை என்று மின்னியது. மச்சான் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, இது உங்க குரல்."

என் குரல்தான். ஏதோ ஒரு வியாபாரிகள் சங்கத்தின் தலைவரைப் பேட்டி எடுக்கப் போன நாள். மாமனார் வீட்டு ஹாலில், டேப் ரெக்கார்டருக்குள் ஒரு கேசட் கிடந்தது. மச்சான் எழுதி வைத்த பெட்டி அலமாரியில் இருந்திருக்கும். கேசட்டின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. போட்டுக் கேட்டேன், கிரீச்சிட்டது. கெட்டுப்போன கேசட் என்று முடிவு செய்தேன். அந்த வீட்டில் கெட்டுப்போன கேசட்டை யாரும் எறிவதில்லை, பிரசங்கமோ பாடகர் குழு ஒத்திகையோ மேலேயே பதிந்துகொள்வார்கள். நிறுத்திய இடத்திலிருந்து நான் பேட்டியைப் பதிந்துகொண்டேன். வேலை முடிந்ததும், எடுத்த இடத்திலேயே ஒழுங்காகத் திருப்பி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

"அங்கிள், கேமரா ஓடிட்டு இருக்கு. கட் பண்ணிடவா?"

"இருக்கட்டும் தம்பி. பேட்டி முடியட்டும். பின்னாடி ஏதாவது மிச்சம் இருக்கலாம்," என்றார் மச்சான்.

இருபத்து மூன்று நிமிடம் நானும் சங்கத் தலைவரும் பேசினோம். ஒருவரும் எழுந்து போகவில்லை. என் கேள்விகள் நீளமானவை, அவற்றில் பாதி எனக்கே தெரிந்த பதில்களைக் காட்டிக்கொள்வதற்காகக் கேட்டவை. அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பேட்டிக்குப் பிறகு வெறும் இரைச்சல் இருந்தது. அந்தப் பேட்டி பத்திரிகையில் வரவும் இல்லை.

திரும்பி வரும்போது மச்சான் முன்சீட்டில் உட்கார்ந்தார். இயந்திரம் பின்சீட்டில் தனியாகக் கிடந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் நான் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டாவது முறை, "சிக்னல் விழுந்துடுச்சு மாப்ளே, பாத்து ஓட்டுங்க," என்றார்.

குமிழ்கள் எங்கே நின்றன என்பதை அவர் எந்தத் தாளிலும் எழுதி வைத்திருக்கவில்லை. காது நினைவு வைத்திருக்கும் என்று பதின்மூன்று நாள் தினமும் மாலையில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், "அந்த மூணு செகண்ட் வருது. அதுக்கப்புறம் வேற யாரோ வர்றாங்க," என்று சொல்லிவிட்டு விரிப்பைப் போட்டு மூடினார்.

அதற்குள் கூடுவாஞ்சேரியிலிருந்து வீடியோவின் இணைப்பு வந்திருந்தது. கூடவே கைகூப்பும் படம் ஒன்று. "எமோஷனலா நல்லா வந்திருக்கு அங்கிள்" என்று எழுதியிருந்தான். சங்கத் தலைவரின் பதிலுக்குக் கீழே சோக வயலின் போட்டிருந்தான்.

ஈஸ்டர் அன்று அதிகாலை நாலரைக்கு விளக்குகளை அணைத்தார்கள். மச்சான் புதிய இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, பாலிதீன் உறைக்கு மேலேயே கட்டையை அமுக்கினார். தேவதூத மூச்சு. காத்திருக்காமல் உடனே வந்தது. சபையும் உடனே எழுந்து நின்றது.

ஆராதனை முடிந்ததும் செயலர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணே? உங்க சவுண்டேதான். உள்ளயே இருந்திருக்கு பாருங்க!"

"ஆமா தம்பி," என்றார் மச்சான்.

திங்கட்கிழமை காலை அதே ஆட்டோவில் அதே விரிப்போடு வந்து இயந்திரத்தை எங்கள் ஹாலில் இறக்கினார். "நீங்களே வெச்சுக்கங்க மாப்ளே," என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். ப்ளக் வயரோடு சேர்த்துப் புதிய பேட்டரியின் அட்டையையும் கட்டியிருந்தார். பத்து ஆண்டு உழைக்கும் என்று அதில் அச்சிட்டிருந்தது.