நாங்கள் மூக்கைப் பொத்தி ஓடிய வாயு

எண்ணூரில் நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வீடு முகத்துவாரக்குப்பத்தில். மூச்சிழுப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை? எங்கள் தெருவே செய்வதுபோல், எப்போதோ எழுதிய பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி, சின்ன வெள்ளை மாத்திரையை வாங்கி விழுங்குவேன். மதியத்துக்குள் மார்பு லேசாகி, கடல் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். இரண்டு வருடம் அப்படியே மிதந்தேன். முகமும் உப்பியது. "சோக்கா பூசினாப்ல கீறய்யா, என் கண்ணே பட்டுடும்" என்று மனைவி சுற்றிப்போட்டாள்.

ஒருநாள் வேலையில் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு மாத்திரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு, ஹார்மோன் மருந்து. ரத்தக் குழாயோட சுவர் துளியூண்டு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்கித்தான் குழாயைத் தளர்த்தும். இந்த மாத்திரை அதைக் குறைச்சிடும். குழாய் இறுகும், பிரஷர் ஏறும். ஆனா சட்டுனு நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தொழிற்சாலையில் அந்த வாயு கசிந்து, காற்றுப் பட்டுச் செம்பழுப்பாக எழும்பினால் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அந்தப் பாழாய்ப்போன வாயு எனக்குள்ளேயே ஊறுகிறதாம்! பஸ்ஸில் கண்ணை மூடினேன். உடம்பெங்கும் சின்னச் சின்னக் கதவுகள் மெல்லத் திறந்து மூடுவதுபோல் ஒரு சொக்கல். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

வீட்டில் மனைவியிடம், மாத்திரையால்தான் பிரஷர் என்று மட்டும் சொன்னேன்.

"இந்தக் கருமத்தையா இத்தினி நாளா துன்னுகினு இருந்தே?" என்று டப்பாவோடு கடலில் வீசினாள். நான் தடுக்கவில்லை. ஒழியட்டும், எனக்கு ஒன்றும் ஆகாது என்ற கொழுப்பு.

மூன்றாம் நாள் காலை எழ முடியவில்லை. ஒரே வாந்தி. அவள் முகம் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் அசைந்தது. மாத்திரைப் பழக்கத்தில் உடம்பு அந்த ஹார்மோனைத் தானாகச் சுரக்க மறந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதே மருந்தை ஊசியில் ஏற்ற வந்தார்கள்.

"நான்தாம்மா தூக்கிப் போட்டேன், நானே கொன்னுட்டேனே! அந்த மருந்தையே போடும்மா, சீக்கிரம் போடும்மா" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

பிழைத்துவிட்டேன். டாக்டரம்மா முன்பே எச்சரித்தார் என்பதை மட்டும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.