நூலக்காவின் புதினா மிட்டாய்

புருவம் திருத்துவதில் நூலக்காவை அடித்துக்கொள்ள அந்த அழகு நிலையத்தில் ஆளே கிடையாது. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதைக் கைகளில் முறுக்கிப் பிடித்து, படுத்திருப்பவளின் முகத்துக்கு நேர் மேலே குனிந்தாள் என்றால், கண்ணில் நீர் எட்டிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பெயர் வந்ததும் அதனால்தான். இந்த வேலையில் ஒரே சங்கடம், செய்பவளின் வாயும் படுத்திருப்பவளின் மூக்கும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

ஆட்கள் வரிசையில் காத்திருக்கும்போது சாப்பாட்டுக்கு எழுந்து போக முடியுமா? காலையில் வெறும் வயிறு. மதியம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, ஒரு பன். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்கு மாடி இறங்கி ஏற வேண்டுமே என்று அதையும் விட்டுவிட்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிற சின்னவள் ஒரு டப்பாவை நீட்டுவாள்.

"புதினா மிட்டாய்க்கா. ஒண்ணு போட்டுக்கோங்க."

சின்னவளுக்குத் தன்மேல் உயிர் என்று நூலக்காவுக்கு ஒரே பூரிப்பு. பிறகு தானே டப்பா டப்பாவாக வாங்கி, நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை பார்த்தாள்.

மெல்ல மெல்ல ஆட்கள் குறைந்தார்கள். ஒருத்தி அவசர வேலை என்று எழுந்து போனாள். இன்னொருத்தி சின்னவளிடமே புருவத்தையும் கொடுத்தாள். கை நடுங்குகிறதோ, கண் மங்கிவிட்டதோ என்று நூலக்கா உள்ளுக்குள் குமைந்தாள். மூக்குக் கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்தாள், பாவம். கடைசியில் முதலாளியம்மா அவளைப் பாதம் சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்பினாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

அந்தக் கையை, கண்டவர் குதிகாலைத் தேய்க்க வைத்துவிட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஈறு வீங்கி ரத்தம் கசியவே பல் டாக்டரிடம் போனாள். அங்கேதான் குட்டு உடைந்தது.

"வாய் நாத்தம் இருக்கேம்மா, யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர். தனிக்கட்டைக்கு யார் சொல்வார்கள்?

"கிருமி எல்லார் வாயிலயும் இருக்கும். எச்சில் ஊறி அதைக் கழுவிக்கிட்டே இருக்கும். நீங்க சாப்பிடறதில்ல, தண்ணி குடிக்கறதில்ல, வாய் காய்ஞ்சு கிடக்கு. மிட்டாய் வாசனை நாத்தத்தைக் கொஞ்ச நேரம்தான் மூடி வைக்கும். அதுல இருக்கற சர்க்கரை கிருமிக்குத் தீனி. நீங்க பட்டினி கிடந்து அதுகளுக்கு விருந்து வச்சிருக்கீங்க."

மறுநாள் சின்னவளைத் தனியாகப் பிடித்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்படிக்கா மூஞ்சிக்கு நேரா சொல்றது? மனசு வரல. அதான் மிட்டாய் குடுத்தேன்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் வாயைத் திறக்கவே கூசியது.

மிட்டாயைத் தலைமுழுகினாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், காயும் பழமும் மென்றாள், நாக்கை வழித்தாள், தண்ணீர் குடித்துவிட்டு முனகிக்கொண்டே மாடி இறங்கி ஏறினாள். டாக்டர் ஈறைச் சுத்தம் செய்து, வாய் நன்றாகிவிட்டது என்றார். சின்னவளே பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்து, முதலாளியம்மாவிடம் மல்லுக்கு நின்று பழைய இடத்தை வாங்கிக் கொடுத்தாள்.

முதலில் வந்தது வங்கியில் வேலை பார்க்கும் அம்மா, நெடுநாள் வாடிக்கை. "எப்படி இருக்கே நூலு?" என்று வாய் நிறையச் சிரித்துவிட்டுத்தான் படுத்தாள். நூலக்கா நூலைக் கடித்துக்கொண்டு ஆசையாகக் குனிந்தாள்.

அந்த அம்மா கண்ணை மூடினாள். மார்பு ஏறி இறங்குவது நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம்.

இப்போது நாற்றம் இல்லை என்று சொல்லலாம்தான். நூல் பல்லிடுக்கில் இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னால் மட்டும் அந்த அம்மா முகர்ந்தா பார்க்கப் போகிறாள்? பாவம், மூச்சு முட்டிவிடப் போகிறதே என்று, என்றைக்கும் இல்லாத வேகத்தில் புருவத்தை இழுத்து முடித்தாள்.