படகு நிற்கும் அரை மணி

அந்தமானில், லாங் ஐலண்டில் எங்கள் சபைக்குப் போதகர் கிடையாது. போர்ட் பிளேயரிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகில் வருவார். அவர் வராத ஞாயிறுகளில், மர ஆலையில் ரம்பம் தீட்டுகிற மூப்பர் ஜெபம் செய்வார், மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரக் குடும்பங்கள் இந்தியில் பாடும், வேதம் வாசிப்பது நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஆறாம் வகுப்புக்காரி நின்று வாசிக்க, பெரியவர்கள் தலைகுனிந்து கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

சாயங்காலங்களில் எங்கள் அடுப்படியிலும் வாசிப்பு உண்டு. அடுத்த குவார்ட்டர்ஸ் அக்கா அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமானார். அவர் கணவர் வனத்துறையில் கிளார்க். தஞ்சாவூர்ப் பக்கத்து இந்துக் குடும்பம். குழாயில் தண்ணீர் வராத ஒருநாள் ஒரு குடம் கேட்டு வந்தவர், வாசிப்பு முடியும்வரை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றார். மறுநாள் குடமில்லாமல் வந்தார்.

நான் வாசிப்பேன், அம்மா விளக்குவாள். அம்மாவுக்கு வசனம் ஒன்றும் பாடமில்லை. என் தம்பி காய்ச்சலில் போனதும், அதற்குப் பிறகு தன்னை எழுந்து உட்கார வைத்தது யார் என்பதும் தெரியும். அதைத்தான் சொல்வாள். அக்காவுக்கும் பிள்ளை தங்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வந்துகொண்டிருந்தவர், தானாகவே ஞானஸ்நானம் வேண்டுமென்றார். அம்மா பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். முதலில் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்காரரே வந்தார். "உங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சப்புறந்தான் இவ சாப்புடுறா, தூங்குறா. நான் எதுக்குங்க தடுக்கப்போறேன்?" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு, இங்கதான் நான் ராஜா. ஊருல எங்கம்மாவுக்கு நான் வெறும் புள்ள."

கொஞ்ச நாளில் அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. மாமியார் வீட்டில் அக்கா இதைப் பற்றி வாயே திறக்க முடியாது. தீவை விட்டுப் போவதற்குள் நடந்தால்தான் உண்டு. போதகருக்குச் சொல்லியனுப்பினோம். மாயாபந்தர் போயிருந்தவர், திரும்பும் படகில் இறங்குவதாகச் சொல்லியனுப்பினார். அதே படகில்தான் அக்காவும் கிளம்ப வேண்டும். எங்கள் ஜெட்டியில் அது அரை மணி நேரம் நிற்கும்.

அது போதும் என்றார் மூப்பர். ஜெட்டிக்குப் பக்கத்திலேயே அலை அடிக்காத ஓர் இடத்தைப் பார்த்து வைத்தார். ராஞ்சிக்காரப் பெண்கள் பாட்டை இரண்டு சரணமாகக் குறைத்தார்கள். நான் வாசிக்க வேண்டியதைத் தடுமாறாமல் வாசித்துப் பழகினேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பாதிரியம்மா என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ஞானஸ்நானத்துக்கென்று அக்கா அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். புருஷன் உயிரோடிருக்கும்போது வெள்ளையா என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் காதுபடவே பேசினார்கள்.

படகு வந்தது. அரிசி மூட்டைகள் இறங்கின, தபால் பை இறங்கியது, இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். போதகர் இறங்கவில்லை. மாயாபந்தரில் மலேரியாவோடு படுத்திருக்கிறார் என்று படகுக்காரர் சொன்னார்.

அம்மா நேரே மூப்பரிடம் போனாள். "அண்ணே, நீங்க குடுங்க."

"அந்த அதிகாரம் எனக்கு இல்லையேம்மா."

"சாகக் கெடக்கவனுக்கு யாரும் குடுக்கலாம்னு நீங்கதான சொன்னிய?"

"அது சாகக் கெடக்கவனுக்கு. இவ ஊருக்குல்லா போறா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றார் அக்கா.

ராஞ்சிக்காரக் கிழவி ஒருத்தி கடலைக் கைகாட்டி, "பானி தோ சாம்னே ஹை," என்றாள். மூப்பர் எதிரே இருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். செருப்பைக்கூடக் கழற்றினார். பிறகு தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் என்னால் கோபப்பட முடியவில்லை. படகு ஊதியது.

அக்கா படகில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அம்மா ஜெட்டியின் விளிம்புவரை போனாள்.

"தங்கச்சி, யாராவது கேட்டா லாங் ஐலண்ட் சபைன்னு சொல்லு. இல்லன்னு சொல்ல இங்க ஒருத்தரும் கெடையாது."

அக்கா ஏதோ பதில் சொன்னார். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

இப்போது நான் போர்ட் பிளேயர் பக்கத்தில் கராச்சர்மாவில் டீச்சர். மெயின்லேண்ட் கப்பல் வந்திருக்கும் ஞாயிறுகளில் சபைக் கோயிலுக்குச் சீக்கிரம் போய், வாசல் தெரிகிற பெஞ்சில் உட்காருகிறேன். புதிதாக வரும் பெண்களின் முகங்களைப் பார்க்கிறேன். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா அன்று சொன்ன பதிலை அம்மா கேட்கிறாள்.

"நீதான படிச்சவ. வாயசைவப் பாத்தாவது தெரியலையா?"

தெரியவில்லை என்கிறேன்.